பேன் பார்க்கும் மீன்

எருமையின் முதுகில் காக்கை உட்கார்ந்திருப்பதைப் பார்க்காதவர்கள் குறைவு. காது மடலுக்குள் அலகை விட்டு உண்ணி பொறுக்கும். எருமையும் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு கழுத்தை நீட்டிக் கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் திடீரென்று தோலைச் சிலிர்த்து வாலை ஒரு வீசு வீசும். காக்கை உண்ணியை விட்டுவிட்டுப் புண்ணைக் கொத்தியிருக்கும். பறந்து போய்க் கம்பத்தில் உட்கார்ந்து, இரண்டு நிமிடம் கழித்து அதே முதுகுக்கு வந்து சேரும். எருமையும் ஒன்றும் சொல்லாது.

கடலுக்குள், பவளப்பாறைகளில், இந்தக் காக்கையின் வேலையைப் பார்க்கிற மீன் ஒன்று இருக்கிறது. நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். காக்கைக்கு உண்ணி பொறுக்குவது பத்தோடு பதினொன்று. இந்த மீனுக்கு அதுவே முழுநேரப் பிழைப்பு. விடிந்தது முதல் பொழுது சாயும் வரை மற்ற மீன்களின் உடம்பில் பேன் பார்ப்பதைத் தவிர வேறு தொழில் கிடையாது.

ஆங்கிலத்தில் கிளீனர் ராஸ் என்பார்கள். நம் ஊர் மீன்தொட்டிக் கடைகளிலும் அதே பெயர்தான். அறிவியல் பெயர் லேப்ராய்டெஸ் டிமிடியாட்டஸ். செங்கடலிலும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் தொடங்கி, பசிபிக்கின் நடுவே இருக்கும் மார்க்கேசாஸ் தீவுகள் வரை, பவளம் வளர்கிற வெதுவெதுப்பான கடலெங்கும் வாழ்கிறது. மன்னார் வளைகுடாவிலும் இலங்கைக் கரையிலும் உண்டு. டிமிடியாட்டஸ் என்ற சொல்லை 1839இல் பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியென் வைத்தார். 'பாதியாகப் பிரிந்தது' என்று பொருள். உடம்பை மேலும் கீழுமாக வகிர்ந்துகொண்டு போகும் கறுப்புப் பட்டையைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். ஹவாயில் மட்டும் வாழும் இதன் பங்காளி மீனுக்கு ஜான் ராண்டல் 1958இல் ஒரு பெயர் வைத்தார். அதைக் கிரேக்கத்திலிருந்து பிரித்துப் பார்த்தால் 'பேன் தின்னி' என்று வரும். எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது. இருந்தாலும் பலரும் சொல்கிறபடி துப்புரவு மீன் என்றே எழுதுகிறேன். துப்புரவு என்ற சொல் இதற்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது போகப் போகத் தெரியும்.

இதன் உடற்கூற்றை வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த மீனின் குணம், நிறம், குடும்பம், மூளை என்று எதைத் தொட்டாலும் கடைசியில் வாயில்தான் வந்து நிற்கும். வாய்க்குப் பிடித்தது ஒன்று, வயிற்றுக்குப் போவது வேறொன்று என்பதுதான் அதன் சிக்கல். வயிறு என்றேனா? அதுவும் இதற்குக் கிடையாது.

ராஸ் குடும்பத்து மீன்கள் எதற்கும் இரைப்பை இல்லை. உணவுக்குழாய் நேராகக் குடலில் போய்ச் சேருகிறது. அமிலம் சுரந்து உணவைச் சேர்த்து வைத்து அரைக்கும் பை நடுவில் இல்லை. ஒரே மூச்சில் பெரிய இரையை விழுங்கிவிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடக்கும் களவா மீனின் வாழ்க்கை இதற்கு வாய்க்காது. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருப்பதற்குத்தான் இப்படிப்பட்ட குடல் தோதானது. துப்புரவு மீன் செய்வதும் அதைத்தான்.

வாய் மிகச் சிறியது. முகத்தின் நுனியில், நேர் முன்னால் பார்த்தபடி இருக்கும். கீழ் உதடு நடுவில் பிளந்து இரண்டு மடலாகத் தொங்குகிறது. இந்தப் பேரினத்தை அடையாளம் காண அது ஒரு முக்கியக் குறி. தாடையின் முன்னால் கோரைப்பல் போல நீண்ட பற்கள். வாயை இது பெரிதாகத் திறப்பதில்லை. சின்னதாகத் திறந்து, சட்டென்று மூடி, மறுபடி திறந்து மூடும். நகை செய்யும் பத்தர் சாமணத்தால் பொடிக் கல்லை எடுத்து எடுத்துப் பதிப்பாரே, அந்த அசைவு. இரை பெரிதாக இருந்தால் இந்த வாய் உதவாது. ஆனால் செதிலுக்கும் செதிலுக்கும் நடுவில் கடுகளவு ஒட்டுண்ணி பிடித்துக்கொண்டிருந்தால், அதைக் கிள்ளி எடுக்க இதைவிட நல்ல கருவி இல்லை. தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடை இருக்கிறது. அது குடும்பச் சொத்து. எல்லா ராஸ் மீன்களுக்கும் உண்டு. நண்டு நத்தை தின்னும் உறவுக்காரர்கள் அதைக் கொண்டு ஓட்டையே உடைப்பார்கள்.

நீந்துகிற விதமும் இந்த வேலைக்கு ஒத்துப்போகிறது. பெரும்பாலான மீன்கள் வாலை அடித்து முன்னே போகும். ராஸ் மீன்கள் நெஞ்சுத் துடுப்புகளால் படகு வலிப்பது போல வலித்துப் போகும். வாலை அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்தும். அதனால் நின்ற இடத்தில் நிற்கலாம், பின்னால் வரலாம், ஒரு பெரிய மீனின் வயிற்றோரமாக ஒரு விரற்கடை இடைவெளி விட்டுக்கொண்டே தலை முதல் வால் வரை போகலாம். பேன் பார்க்கிற கைக்கு நிதானம் வேண்டுமல்லவா?

சரி, பேன் என்று சொல்வது எதை? நாத்திட் என்ற ஓட்டுடலிக் குடும்பத்தின் குஞ்சுகள்தான் பெரும்பங்கு. இறால், நண்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கடலடியில் மணலிலும் பாறை இடுக்கிலும் ஒளிந்திருந்து, மீன் கிட்டே வரும்போது தொற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கும். குடித்து உப்பியதும் கழன்று விழுந்து தோல் உரிக்கும். இப்படி மூன்று தடவை. வளர்ந்த பிறகு அது எதையும் தின்பதே இல்லை. இளமையில் குடித்த இரத்தத்தை வைத்துக்கொண்டே இனம் பெருக்கிவிட்டுச் சாகும்.

இவற்றை ஒரு துப்புரவு மீன் நாளைக்கு எத்தனை தின்னும் என்று கணக்கெடுத்தவர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா கிரட்டர். கிரேட் பேரியர் ரீஃபின் வடக்கில் இருக்கும் லிசார்ட் தீவில் வேலை செய்தார். 1996இல் வெளியான அவருடைய கணக்கு: ஒரு மீன் சராசரியாக நாளொன்றுக்கு 1,218 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது, 2,297 தடவை மற்ற மீன்களைச் சோதித்துப் பார்க்கிறது. பகல் 12 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு மூன்று பேர். அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில்கூட இந்த வேகம் நடக்காது.

இதுவரை சொன்னதைக் கேட்டால், ஒருவர் அழுக்கை இன்னொருவர் தின்று இருவரும் சுகமாக இருக்கிறார்கள் என்ற நல்ல கதை மாதிரிதான் இருக்கும். பள்ளிப் பாடப் புத்தகம் அத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் 2003இல் கிரட்டரும் ரெதுவான் ப்ஷாரியும் ஒரு சோதனை செய்தார்கள். தட்டில் ஒரு பக்கம் ஒட்டுண்ணி, இன்னொரு பக்கம் கிளிமீனின் உடம்பிலிருந்து வழித்தெடுத்த வழும்பு. எதைத் தின்கிறாய் என்று விட்டால், துப்புரவு மீன் வழும்பைத்தான் தேடிப் போனது.

வழும்பு என்றால் என்ன என்று மீன் ஆய்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விலாங்கைச் சாம்பல் தொட்டுப் பிடித்தாலும் கையில் நிற்காமல் நழுவுகிறதே, கல் உப்புப் போட்டு நாலு தடவை தேய்த்தாலும் சட்டியில் கொழகொழவென்று மிச்சம் இருக்கிறதே, அதுதான். நமக்கு அது கழுவித் தள்ளும் சனியன். மீனுக்கு அது மேல்தோலுக்கு மேல் இன்னொரு தோல். கிருமி உள்ளே நுழையாமல் தடுக்கும். நீரில் வழுக்கிக்கொண்டு போக உதவும். பவளப்பாறை மீன்களின் வழும்பில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்களும் இருக்கின்றன. ஆழமில்லாத தெளிந்த நீரில் உச்சி வெயிலில் திரியும் மீனுக்கு அது வேண்டும். மீன்களால் அதைத் தாமாகத் தயாரிக்க முடியாது. சாப்பாட்டிலிருந்துதான் சேர்க்க வேண்டும். ஆக வழும்பு சத்தானது, விலை உயர்ந்தது, இன்னொருத்தர் சொத்து. துப்புரவு மீனுக்கு அதன் மேல்தான் நாக்கு.

வாடிக்கையாளர் கேட்பது: பேனை எடு, தோலைத் தொடாதே. தொழிலாளி விரும்புவது: தோலைக் கொஞ்சம் சுரண்டிக்கொள்கிறேன், பேன் கிடக்கட்டும். இந்த மீனின் உடம்பிலும் நடத்தையிலும் காணப்படுகிற வினோதம் பலவும் இந்த ஒரு பேரத்திலிருந்து முளைத்தது என்பதுதான் என் எண்ணம்.

வழும்பைக் கடித்தால் கடிபட்ட மீனின் உடம்பு சட்டென்று துள்ளும். அதை வெளியிலிருந்தே பார்க்கலாம். ஆராய்ச்சியாளர்கள் ஏமாற்றை எண்ணுவது அந்தத் துள்ளலை வைத்துத்தான். துள்ளிய பிறகு என்ன நடக்கும் என்பது யார் கடிபட்டார் என்பதைப் பொறுத்தது. பக்கத்திலேயே சின்ன எல்லைக்குள் வாழும் மீனென்றால் அதற்கு வேறு கடைக்குப் போக வழியில்லை, திரும்பித் துரத்தும். தூரத்திலிருந்து வருகிற மீன், நாலைந்து கடை தெரிந்தது என்றால், ஒன்றும் சொல்லாமல் போய்விடும். அடுத்த தடவை வேறு இடம் பார்த்துக்கொள்ளும். களவா போன்ற கொன்று தின்னும் மீன் வாயைத் திறந்து நிற்கும்போது துப்புரவு மீன் நேராக அந்த வாய்க்குள்ளேயே போய், பல்லிடுக்கில் வேலை பார்த்துவிட்டுச் செவுள் வழியாக வெளியே வரும். அங்கே கை வைத்தால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியாதா? கொன்று தின்னும் மீன்களிடம் அது மிகவும் நாணயமாக நடந்துகொள்கிறது.

உள்ளூர் மீனும் வெளியூர் மீனும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் வெளியூர்க்காரரைத்தான் முதலில் கவனிக்கும். உள்ளூர்க்காரர் எங்கே போய்விடுவார்! ப்ஷாரி இதையெல்லாம் எகிப்தின் செங்கடல் கரையில் ராஸ் முகமது பகுதியில் பல ஆண்டுகள் மூழ்கி மூழ்கிப் பார்த்து எழுதியவர். வேறு மீன் பார்த்துக்கொண்டிருந்தால் துப்புரவு மீன் ஒழுங்காக வேலை செய்கிறது, யாரும் பார்க்காவிட்டால் கடிக்கிறது என்று பின்னால் வந்த சோதனைகளும் காட்டின. பார்த்துக்கொண்டிருக்கிற மீன், முன்னால் இருப்பவர் துள்ளுகிறாரா என்று கவனித்துவிட்டுத்தான் கிட்டே வருகிறது.

கடித்துவிட்டு ஆளைத் தக்கவைத்துக்கொள்ள இதனிடம் ஒரு வித்தை இருக்கிறது. பேருந்து நிலையங்களில் காது குடைகிற ஆட்கள் முன்பு நிறைய இருந்தார்கள். பஞ்சு சுற்றிய ஊசியை உள்ளே விட்டு மெல்லச் சுழற்றும்போது, முகத்தில் ஒரு கிறக்கம் வந்து கண் தானாக மூடிக்கொள்ளும். என்ன எடுத்தார், எவ்வளவு எடுத்தார் என்று கேட்கிற நிலையில் ஆள் இருக்கமாட்டார். துப்புரவு மீன் தன் வயிற்றுத் துடுப்புகளையும் நெஞ்சுத் துடுப்புகளையும் வாடிக்கையாளரின் முதுகில் படபடவென்று உரசிக் கொடுக்கும். உரசும்போது வாய் மேலே இருப்பதால் தின்ன முடியாது; அது கைக்காசு போட்டுச் செய்கிற உபசாரம். துள்ளிக் கிளம்பப் பார்க்கும் மீனுக்கும், பசியோடு வந்திருக்கிற கொன்று தின்னிகளுக்கும் இந்த உபசாரம் அதிகம். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மார்ட்டா சோரஸும் கூட்டாளிகளும் துப்புரவு மீன் போன்ற ஒரு பொம்மையை இயந்திரத்தில் பொருத்தி அசையவிட்டார்கள். அதில் வந்து உரசிக்கொண்ட சர்ஜன் மீன்களின் உடம்பில், மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசோல் குறைந்தது. பேன் எதுவும் எடுக்கப்படவில்லை, வெறும் உரசல்தான்.

இனி நிறம். குஞ்சாக இருக்கும்போது உடம்பு கறுப்பு, முதுகோரம் பளிச்சென்று ஒரு நீலக் கோடு. வளர வளரக் கோடு அகன்று, கறுப்பு நடுவில் ஒதுங்கி, தலையில் மெல்லியதாகத் தொடங்கி வாலுக்குப் போகப் போக அகலமாகும் பட்டையாகிறது. அதைச் சுற்றி வெளிர் நீலம். அந்த நீலம் சாயம் அல்ல. தோலுக்குள் சில செல்களில் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன; ஒளி அவற்றில் பட்டுத் தெறிக்கும்போது நீலம் மட்டும் தூக்கலாக வருகிறது. உலகெங்கும் இந்தத் தொழில் செய்யும் மீன்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், நீலமும் மஞ்சளும் கறுப்புப் பட்டையும் இவர்களிடம் மற்ற மீன்களைவிட அதிகம் என்று கண்டார்கள். பவளப்பாறைப் பின்னணியில் அவை தூரத்திலிருந்தே எடுபடும். சின்ன மீன்கள் ஒளிந்து வாழ வேண்டிய இடத்தில் இது மட்டும் கடை வாசலில் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு, வாலைத் தூக்கித் தூக்கி ஒரு குலுக்கல் நடனமும் ஆடும்.

விளக்குப் பலகை இருந்தால் போலிப் பலகையும் வரும். ஆஸ்பிடோன்டஸ் டீனியாட்டஸ் என்ற மீனுக்கும் துப்புரவு மீனுக்கும் உறவே இல்லை; பிளென்னி என்ற வேறு குடும்பம். ஆனால் நீளம், நிறம், பட்டை, குலுக்கல் எல்லாம் அச்சு அசல். நம்பி நிற்கும் மீனின் துடுப்பில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். சாப்பாட்டில் பெரும்பங்கு குழாய்ப் புழுக்களின் கொண்டையும் மற்ற மீன்களின் முட்டையும்தான்; துடுப்புக் கடி இடையில் கிடைக்கிற வருமானம். வேடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி முகத்தைப் பக்கத்திலிருந்து பார்ப்பது. அசலுக்கு வாய் முகத்தின் நுனியில். போலிக்கு வாய் கீழே, சுறாவுக்கு இருப்பது போல மூக்குக்கு அடியில். எல்லாவற்றையும் மாற்றிக்கொண்ட மீனால் வாயை மட்டும் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

குடும்பம் என்று பார்த்தால் ஓர் ஆண், அதனோடு மூன்று முதல் ஆறு பெண்கள். வயதும் உருவமும் வைத்து ஒரு வரிசை இருக்கும். மூத்தவள் சொல் இளையவளிடம் செல்லும். எல்லோருமே பெண்ணாகத்தான் வளர்கிறார்கள். ஆண் செத்தால் அல்லது காணாமல் போனால் மூத்த பெண் ஆணாக மாறிவிடும். இதை 1972இல் எழுதியவர் ராஸ் ராபர்ட்சன் (தமிழில் எழுதும்போது அவர் பெயருக்குள்ளேயே மீன் வந்துவிடுகிறது). கிரேட் பேரியர் ரீஃபில் ஹெரான் தீவுக்கு அருகே அவர் ஆண் மீன்களைப் பிடித்து அப்புறப்படுத்திவிட்டுக் காத்திருந்தார். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. மூத்த பெண் ஆணுக்குரிய மிடுக்கோடு எல்லையைச் சுற்றி வந்து மற்ற பெண்களை அதட்டத் தொடங்கியது. உடம்புக்குத்தான் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்தது. 14 முதல் 18 நாளில் அதனிடமிருந்து விந்து வெளிவந்தது. சினைப்பையில் முட்டை உருவாகும் திசு சுருங்கி, அதே இடத்தில் விந்து உருவாகும் திசு பெருகுகிறது. ஆட்சி மாறியதும் பதவியேற்பு முதலில், அலுவலகம் மாறுவது அப்புறம்.

ஜப்பானில் குவாமுராவும் கூட்டாளிகளும் 2002இல் இதற்கு எதிர்ப்புறத்தைக் காட்டினார்கள். இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் சின்னது திரும்பப் பெண்ணாகிவிடுகிறது. ஆணாவதைவிட இதற்கு நாள் அதிகம் பிடிக்கிறது.

சரி, இதற்கும் வழும்புக்கும் என்ன சம்பந்தம்? ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கும்போது பெண் ஒரு கடி கடித்துவிட்டால், மீன் கிளம்பிப் போய்விடும். கடித்தவளுக்கு ஒரு வாய் கிடைத்தது; ஆணுக்கு இரண்டும் போயிற்று. 2010இல் நிக்கோலா ரைஹானி, கிரட்டர், ப்ஷாரி மூவரும் இதைத் தட்டு வைத்துச் சோதித்தார்கள். தட்டில் மீன் தீவனத் துணுக்கும் இறால் துண்டும். துணுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். இறாலைத் தொட்டால் தட்டை எடுத்துவிடுவார்கள். இறால்தான் இங்கே வழும்பு. பெண் இறாலைத் தொட்ட நேரங்களில் ஆண் அதைத் துரத்தி அடித்தது. அடிபட்ட பெண் அடுத்த தடவை அடக்கமாகத் துணுக்கைத் தின்றது. பெண்ணின் உருவம் தன்னை நெருங்கிக்கொண்டிருந்தால் ஆணின் கோபம் இன்னும் கூடுதல். இதில் நியாய உணர்வு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நன்றாகத் தின்று வளர்ந்துவிட்டால் அவள் நாளைக்கு ஆணாகி எதிரே நிற்பாள்.

ஆயிரம் முகத்தை நினைவில் வைத்து, யார் உள்ளூர், யார் வெளியூர், யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நிமிடத்துக்கு மூன்று தடவை கணக்குப் போடுகிற மூளை எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பத்து சென்டிமீட்டர் மீனின் தலைக்குள் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான். 2012இல் ஒரு ஆய்வில் இரண்டு தட்டுகள் வைத்தார்கள். ஒன்று காத்திருக்கும், மற்றது கவனிக்காவிட்டால் போய்விடும். போகிற தட்டை முதலில் தின்றால் இரண்டும் கிடைக்கும். வளர்ந்த துப்புரவு மீன்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டன. அதே சோதனையில் கப்புச்சின் குரங்குகளும் ஒராங்குட்டான்களும் திணறின. சிம்பன்சிகளிலும் ஒன்றிரண்டுதான் தேறின. மீன் குரங்கைவிடப் புத்திசாலி என்று இதற்கு அர்த்தமில்லை. கேட்ட கேள்வி மீனின் அன்றாடத் தொழிலிலிருந்து எடுத்தது. துப்புரவு மீனின் குஞ்சுகளே அதில் அவ்வளவாகத் தேறவில்லை.

இதைவிடப் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது ஒசாகாவில் மசனோரி கோடாவின் குழு 2019இல் வெளியிட்ட கண்ணாடிச் சோதனை. முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று ஒரு விலங்குக்குத் தெரிகிறதா என்று பார்க்க, 1970இல் கார்டன் கேலப் சிம்பன்சிகளிடம் செய்த சோதனைதான் இதற்கு மூலம். கண்ணாடியில் மட்டுமே தெரியும் இடத்தில் ஒரு குறி இடுவார்கள். விலங்கு கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தன் உடம்பைத் தடவினால் தேர்ச்சி. துப்புரவு மீன் முதல் சில நாள் கண்ணாடியில் தெரிந்த மீனோடு சண்டை போட்டது. பிறகு தலைகீழாக நீந்துவது போன்ற கோணங்கித்தனமெல்லாம் செய்து பார்த்தது. அதன் பிறகு அமைதியாகப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்போது தொண்டையில் பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளியைத் தோலுக்கடியில் செலுத்தினார்கள். நான்கில் மூன்று மீன்கள் கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போய்த் தொண்டையைத் தரையில் உரசின.

நம்பாதவர்களில் கேலப்பும் ஒருவர். 2022இல் கோடாவின் குழு இன்னும் பல மீன்களைச் சோதித்து மொத்தம் 18இல் 17 தேறியதாக எழுதியது. எனக்கு அதில் பிடித்தது வேறொரு விவரம். புள்ளியைப் பச்சையாகவோ நீலமாகவோ வைத்தால் மீன் சட்டை செய்யவில்லை. பழுப்பாக, ஒட்டுண்ணி மாதிரி இருந்தால்தான் உரசியது. மற்றவர் தலையில் பேன் பார்த்தே பழகிய கண், தன் கழுத்தில் பேன் ஊர்வது போல் தெரிந்ததும் பதறியிருக்கிறது. பொட்டு வைத்தால் கண்டுகொள்ளவில்லை. தன்னை அறிதல் என்கிற பெரிய கேள்விக்கு இதுவே பதிலா என்பதைத் தத்துவக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தொழில் எவ்வளவு ஆழத்தில் ஊறியிருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

இவ்வளவு ஏமாற்றும் பேரமும் நடக்கிற இந்தத் தொழிலால் பவளப்பாறைக்கு உண்மையில் ஏதாவது நன்மை உண்டா என்று நீண்ட நாள் வாதம் நடந்தது. 1961இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் கான்ராட் லிம்பா, பஹாமாஸில் துப்புரவு செய்யும் உயிர்களை அகற்றியதும் சில நாளில் மற்ற மீன்கள் இடத்தைக் காலி செய்தன என்று எழுதினார். பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. லிசார்ட் தீவில்தான் பொறுமையாக விடை தேடினார்கள். சில சிறு பாறைகளிலிருந்து துப்புரவு மீன்களை எடுத்துவிட்டு, திரும்ப வந்தவற்றையும் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். எட்டரை ஆண்டுக்குப் பிறகு எண்ணியபோது, அந்தப் பாறைகளில் குடியிருந்த மீன்களின் எண்ணிக்கை 37 சதவீதமும் இனங்களின் எண்ணிக்கை 23 சதவீதமும் குறைவாக இருந்தன. 2011இல் இது வெளியானது. ஆக, கடிக்கும் பேர்வழியாக இருந்தாலும் இருப்பது நல்லதுதான். எருமைக்கு இது எப்போதோ தெரியும்.

2014இலும் 2015இலும் லிசார்ட் தீவைப் புயல்கள் தாக்கின. 2016இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. துப்புரவு மீன்களின் அடர்த்தி 80 சதவீதம் விழுந்தது; வாடிக்கை மீன்களும் குறைந்தன. ஸெக்னி த்ரிகியும் ப்ஷாரியும் கூட்டாளிகளும் மிஞ்சிய மீன்களைப் பிடித்து அதே பழைய தட்டுச் சோதனைகளை வைத்தார்கள். போகிற தட்டு எது, காத்திருக்கிற தட்டு எது என்று அவற்றுக்குப் பிடிபடவில்லை. யாரோ பார்க்கிறார்கள் என்று அடக்கி வாசிக்கவும் தெரியவில்லை. வரிசையில் நிற்க ஆளே இல்லாதபோது, யாரை முதலில் கவனிப்பது என்ற கேள்வி எதற்கு?

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒருமுறை இந்த மீனைப் பார்த்தேன். உப்புத்தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குள் ஒரு துண்டு செத்த பவளம், ஒரு மஞ்சள் சர்ஜன் மீன், இது. "எடுத்துக்கோங்க சார், தொட்டியைச் சுத்தமா வச்சுக்கும்" என்றார் கடைப் பையன். பாசியையும் கழிவையும் இது திரும்பிக்கூடப் பார்க்காது என்று சொல்ல வாய் வந்தது, விட்டுவிட்டேன். தொட்டியில் பேன் ஏது? சர்ஜன் மீன் பவளத்துண்டுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. இது விடாமல் பின்னாலேயே போனது. சர்ஜனின் வாலோரத்தில் ரூபாய்க் காசு அளவுக்கு நிறம் வெளுத்திருந்தது. ஒரே வாடிக்கையாளர், வேறு கடைக்குப் போக வழியில்லாதவர்.

கண்ணாடியில் விரலை வைத்தேன். நெஞ்சுத் துடுப்பை இரண்டு தடவை வலித்து நேராக வந்தது. நகத்திலிருந்து தொடங்கி, முட்டி வரை ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே பார்த்தது. வாலைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கியது. பிறகு சர்ஜன் ஒளிந்திருந்த பக்கம் திரும்பிப் போனது.